நீலமாகிப்போன முருகனும் நூறு வருட உத்தரவாதமும்

திருகோணமலை மத்திய வீதியில் நான் தேநீர் குடிக்கும் கடையில் ஒரு முருகன் இருக்கிறார். ஏதோ ஒரு வருடத்துக் கலண்டர் படம். திகதித் தாள்கள் எப்போதோ கிழிந்து முடிந்துவிட்டன. படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிறார்கள். சிவந்த மேனி உடையவர் என்பதால்தான் அவருக்குச் சேயோன் என்று பெயர். இந்தக் கடையில் அவர் நீலம். முகம் நீலம், பட்டு நீலம், மயில் மட்டும் ஏறக்குறையப் பழைய நிறத்தில் நிற்கிறது. பதினைந்து இருபது வருடம் காலை வெயில் பட்டதில் சேயோன் மாயோனாகிவிட்டார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கலண்டர் அச்சில் நான்கு மை: சியான் என்கிற பச்சை கலந்த நீலம், மஜெந்தா என்கிற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு. முருகனின் சிவப்பு என்று நம் கண் பார்ப்பது மஜெந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தை. மலிவான மைகளில் இந்த இரண்டும்தான் வெளிச்சத்துக்கு முதலில் தோற்பவை. சியானின் மூலக்கூறு நடுவில் ஒரு செம்பு அணுவைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாக இருப்பது, இலேசில் உடையாது. கறுப்பு வெறும் கரி. அதற்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. சிவப்பும் மஞ்சளும் போய்விட்டால் மிச்சம் நீலமும் கோடுகளும்தான்.

கலண்டர் படம் இலவசமாகக் கிடைப்பது. நீலமானால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விருந்தினர் விடுதி கட்டுகிறவர்கள், ஓர்ஸ்ஹில் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து அப்பாவின் பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் எல்லாம் இப்போது சுவருக்கு வான்கோ, கிளே, நம் நாட்டு ஜோர்ஜ் கீற் என்று பெரிய ஓவியர்களின் படங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இணையத்தில் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்: ‘ஆர்கைவல்’. நூறு வருடம் மங்காது, அருங்காட்சியகத் தரம், இன்ன விலை. அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது, அது கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றில் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘பிரிண்ட்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்குப் பாவிக்கிறார்கள். ஓவியர் தானே மரக்கட்டையில் செதுக்கியோ, செப்புத் தகட்டில் கீறியோ, கல்லில் வரைந்தோ அதிலிருந்து எடுக்கும் தாள்கள் ஒருவகை. அங்கே ஒவ்வொரு தாளும் மூலப்படைப்புத்தான். இரண்டாவது வகை, வேறெங்கோ இருக்கும் எண்ணெய் ஓவியத்தைப் படம்பிடித்து அச்சடிப்பது. இது பிரதி. பிரதி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் வீடுகளின் சாமியறையில் இருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழி வந்த பரம்பரைதான். ஆனால் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் 17/250 என்று எழுதி, ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று விலையை மூன்று மடங்காக்கும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோப்பு கணினியில் இருக்கிறது. 251ஆவதை அடிக்க இயந்திரம் மறுக்காது. கையெழுத்தும் பெரிய காப்பு இல்லை. 1974இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் மறித்த ஒரு லொறியில், ஸ்பெயின் ஓவியர் சல்வடோர் டாலி கையெழுத்திட்ட 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. படம் பிறகு வரும், கையெழுத்து முதலில் தயார்.

மையும் தாளும்

விற்பனைப் பக்கங்களில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் ‘ஜிக்லே’. பிரெஞ்சு வாசனை அடிப்பதால் பழைய கைவினை மாதிரித் தோன்றும். உண்மையில் அது 1991இல் கலிபோர்னியாவில் பிறந்த சொல். பாடகர் கிரகாம் நாஷ் தொடங்கிய அச்சகத்தில் வேலைசெய்த ஜாக் டுகேன், ‘இங்க்ஜெட்’ என்று சொன்னால் கலைக்கூடங்கள் முகம் சுளிக்கும் என்று, பீச்சுதல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இதை உருவாக்கினார். அங்கே பாவித்தது ஐரிஸ் என்ற இயந்திரம். அச்சகங்கள் பெரிய ஓட்டத்துக்கு முன் மாதிரி பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட இயந்திரம் அது. மாதிரித் தாள் வாடிக்கையாளர் சம்மதம் சொல்லும்வரை நிறம் காத்தால் போதும் அல்லவா? ஆகவே அதன் மைகளும் அப்படித்தான் இருந்தன. முதல் ஜிக்லேக்கள் பல சில வருடங்களிலேயே மங்கின. இன்றைக்கு அந்தச் சொல்லால் தெரியவருவது ஒன்றே ஒன்று: மை பீச்சி அடித்த படம். எந்த மை, எந்தத் தாள் என்பதை அது சொல்லாது.

மை இரண்டு வகை. தேத்தண்ணியில் சீனி கரைவது மாதிரி முழுதாகக் கரைந்து நிற்பது சாயம். சந்தனம் கரைத்த தண்ணீர் மாதிரி துகள் துகளாக மிதப்பது நிறமி. சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனியே நிற்கிறது. ஒளி வந்து தட்டினால் தப்ப வழியில்லை. நிறமித் துகளில் எத்தனையோ மூலக்கூறுகள் கட்டியாக இருக்கின்றன. மேற்பரப்பில் உள்ளவை அழிந்தாலும் உள்ளே இருப்பவை நிறத்தைக் காக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி ‘ஆர்கைவலா?’ என்பதல்ல, ‘நிறமி மையா, சாய மையா?’ என்பது. சரியான அச்சகம் உடனே பதில் சொல்லும். இயந்திரத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லும். இழுத்துப் பேசினால் அதுவும் ஒரு பதில்தான்.

நம் ஊர்ப் போட்டோக் கடைகளில் கல்யாணப் படம் அடிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் சாயத்தை நம்பியவை. அல்பத்துக்குள் இருட்டில் கிடக்கும் படத்துக்கு அது போதும். ‘கன்வஸ் பிரிண்ட்’ என்று பெரிதாக அடித்துத் தருகிறவர்கள் சிலர், பெயர்ப்பலகை அடிக்கும் அதே இயந்திரத்தில் பொலியெஸ்ரர் துணியைப் போட்டு அடிப்பதும் உண்டு. தூரத்தில் நின்றால் நன்றாகத்தான் இருக்கும். கிட்டப் போனால் அந்த மையின் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளி மட்டும்தான் எதிரி என்று நினைத்து அச்சுத்துறையே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் எப்சன் 870, 1270 என்ற இரண்டு வீட்டு அச்சுப்பொறிகளை வெளியிட்டது. படம் வருடக்கணக்கில் மங்காது என்பது விளம்பரம். ஒளிச் சோதனையில் அது சரிதான். ஆனால் வாங்கிய சிலர் வீட்டில் படங்கள் சில வாரங்களிலேயே செம்மஞ்சளாகிவிட்டன. காரணம் வளியிலிருந்த ஓசோன். நுண்துளைகள் கொண்ட பளபளப்புத் தாளுக்குள் அது புகுந்து சியான் சாயத்தை மட்டும் தின்றுவிட்டது. தேநீர்க்கடை முருகனுக்கு நடந்ததின் நேர் எதிர்: அங்கே நீலம் மட்டும் மிஞ்சியது, இங்கே நீலம் மட்டும் போனது. அதற்குப் பிறகுதான் திறந்த வளியில் தொங்கும் படம், கண்ணாடிக்குள் இருக்கும் படம் என்று தனித்தனியே கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

அடுத்தது தாள். மரக்கூழில் செய்த மலிவான தாளில், மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் இருக்கும். அது வெளிச்சத்தில் பழுப்பாகும். கூடவே அமிலம் சேர்ந்தால் தாள் மொறுமொறுவென்று உடையும். பழைய பத்திரிகைக் கட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த மணமே தெரியும். நல்ல தாள் முழுப் பருத்தியில் இருக்கும், அல்லது லிக்னின் நீக்கிய சுத்தமான செலுலோசில் இருக்கும். அதற்குள் சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று, கலந்திருப்பார்கள். பின்னால் வளியிலிருந்து வரும் அமிலத்தை அது சமன்செய்யும். இதற்கு ஐஎஸ்ஓ 9706 என்று ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது: காரகாடித்தன்மை (pH) 7.5 முதல் 10 வரை, சுண்ணாம்புக் கையிருப்பு குறைந்தது 2 வீதத்துக்குச் சமம், லிக்னின் மிகக் குறைவு. ‘ஆர்கைவல்’ என்ற சொல்லை யாரும் எதற்கும் ஒட்டலாம். நியமத்தின் இலக்கத்தை ஒட்டுவதற்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டும். 1584இலிருந்து தாள் செய்யும் ஜெர்மனியின் ஹானமூலே, 1557இலிருந்து செய்யும் பிரான்சின் கான்சன் போன்ற ஆலைகளின் பருத்தித் தாள்கள்தான் இந்தத் தொழிலில் பெரிதும் புழங்குபவை. சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவில், கையில் எடுத்தால் மெல்லிய அட்டை மாதிரி இருக்கும்.

வெள்ளை வெளேரென்று இருக்கும் தாளில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். சலவைத்தூளில் போடும் அதே வகை ஒளிரூட்டிகளைத் தாளுக்கும் போடுகிறார்கள். புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பி விடுவதால் தாள் பளிச்சென்று தெரியும். அந்த ஒளிரூட்டி காலப்போக்கில் செத்துவிடும். தாள் மஞ்சளடித்த மாதிரித் தெரியத் தொடங்கும். படத்தின் மை மங்காமலே வானம் மட்டும் அழுக்காகத் தோன்றுவது இதனால்தான். இதைச் சோதிப்பது இலேசு. கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் ஒரு சின்ன ஊதா வெளிச்சப் பெட்டி வைத்திருப்பார்களே, அதன் கீழ் தாளின் ஓரத்தைப் பிடியுங்கள். வெள்ளைச் சட்டை நாடகமேடையில் ஜொலிப்பதுபோல ஜொலித்தால் ஒளிரூட்டி நிறைய. மங்கலாகக் கிடந்தால் நல்லது. பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடையில் நான் இதைச் செய்தபோது காசாளர் பிள்ளை என்னை ஒருமாதிரிப் பார்த்தது உண்மைதான்.

நூறு வருடம் என்பது யாருடைய நூறு வருடம்?

இந்த வருடக் கணக்குகள் பெரும்பாலும் ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வுகூடத்தின் வழி வருபவை, அல்லது அதைப் பார்த்துச் செய்தவை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கிரினெல் என்ற சின்ன ஊரில் இருக்கிறது அந்தக் கூடம். படங்களைக் கடுமையான வெளிச்சத்தில் வைத்து விரைவாக மங்கச் செய்து, அதைச் சாதாரண வீட்டு வெளிச்சத்துக்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். சாதாரண வீடு என்று அவர்கள் எடுத்துக்கொள்வது: 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், நாளுக்கு 12 மணித்தியாலம், 24 பாகை வெப்பம், 60 வீத ஈரப்பதன். எல்லோரும் இதே அளவுகோலைப் பிடிப்பதும் இல்லை. கோடாக் தன் கணக்குக்கு 120 லக்ஸை எடுத்துக்கொண்டது. ஒரே படத்துக்கு 120 லக்ஸில் நூறு வருடம் வந்தால், 450 லக்ஸில் அது ஏறத்தாழ 27 வருடம். இரண்டு விளம்பரங்களை அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 450 லக்ஸ், 12 மணித்தியாலம் என்றால் நாளொன்றுக்கு 5,400 லக்ஸ்-மணி. என் வீட்டு முன்விறாந்தையை ஒட்டிய அறையில், கிழக்கு யன்னலுக்கு எதிர்ச்சுவரில் கைபேசிச் செயலியை வைத்துப் பார்த்தேன். செயலிகள் துல்லியமானவை அல்ல, ஆனாலும் மதிப்பீட்டுக்குப் போதும். காலை முழுவதும் 2,000க்கு மேலும் கீழுமாக ஆடியது. பத்து மணித்தியாலம் அப்படி என்று வைத்தால் 20,000 லக்ஸ்-மணி. அவர்கள் கணக்கிட்டதைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. நூறு வருடப் படம் அந்தச் சுவரில் 27 வருடப் படமாகிறது. நேர்வெயில் விழுந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. டச்சு விரிகுடாப் பக்கம் முகம் வைத்த வீடுகளில் சூரியன் கடலிலிருந்து எழும்பி நேரே விறாந்தைக்குள் வந்து உட்காரும். உச்சி வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். காலை வெயில் அதைவிடக் குறைவு என்றாலும் படத்துக்கு அது பாய்ச்சும் நஞ்சு பெரிதுதான். அருங்காட்சியகங்கள் தாளில் உள்ள படைப்புகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் விடுவதில்லை.

வெப்பமும் ஈரமும் இன்னொரு பக்கம். குளிரூட்டியைப் போட்டாலொழிய 24 பாகை என்பது நமக்கு மார்கழி விடியற்காலைச் சங்கதி. கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று சூடாகவும் உலர்ந்தும் வரும். தாள் சுருங்கி இழுக்கும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடை. நம் மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டுகிறது, ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது வழமை. 65 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பருத்தித் தாளின் மேற்பூச்சு அதற்கு நல்ல சாப்பாடு. கடற்காற்றின் உப்பு வேறு. கண்ணாடியிலும் சட்டத்திலும் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆக, விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்லும் நூறு வருடம் கிரினெல் கணக்கில் ஒரு அறைக்கு. நம் அறைக்கு நாம்தான் கணக்குப் போடவேண்டும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் நான் செய்த சோதனையைச் செய்து பாருங்கள். ஒரே படத்தை ஊர்க் கடையில் சாய மையிலும், கொழும்பில் ஒரு கூடத்தில் நிறமி மையிலும் சின்னத் துண்டாக அடித்து வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் கிழக்கு யன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். ஆடி அமாவாசை கழித்து அட்டையை எடுத்தேன். சாயத் துண்டில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு: மூடிய பக்கம் செவ்வரத்தம்பூ, மூடாத பக்கம் பழைய புடவை. நிறமித் துண்டில் கோடு எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

எதை வாங்குவது

மை, தாள் பற்றிப் பேசிப் பேசிப் படத்தையே மறந்துவிடக்கூடாது. எல்லா ஓவியமும் பிரதிக்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. 1943இல் கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட் முயற்சியில் உருவான ‘43 குழு’ ஓவியர்களையே எடுத்துக்கொள்வோம். ஜோர்ஜ் கீற்றின் பலம் கோடு. வளைந்து ஓடும் கறுப்புக் கோடும் அதற்குள் தட்டையாக நிரப்பிய நிறமும் அச்சில் அதிகம் நட்டப்படுவதில்லை. சுமாரான அச்சிலும் கீற் கீற்றாகவே தெரிவார். ஜஸ்டின் தெரணியகலை அப்படியல்ல. அவருடைய தூரிகை தடிப்பு, மேடு பள்ளம். பிரதியில் அது ஒரு மேட்டின் புகைப்படமாகிவிடும். ஐவன் பீரிஸ் இன்னும் கஷ்டம். வாழ்க்கையின் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்து, ஞாபகத்தில் இருந்த நம் நாட்டுக் கரையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். மண்நிறத்துக்கும் சாம்பலுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசத்தில் அவர் நிற்பார். நிறக் கணிப்புத் தெரியாத ஒரு இயந்திரம் அந்த மயிரிழையை அழித்து, கரையை வெறும் சேறாக்கிவிடும். கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஐவன் பீரிஸைத்தான் சுவரில் வைக்க ஆசை வரும். அவரைத்தான் மிகக் கவனமாக வாங்கவும் வேண்டும்.

முடிந்தால் மூலத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில், அதே குழுவைச் சேர்ந்த ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடே சபுமல் மன்றமாக இருக்கிறது. 43 குழுவின் ஓவியங்கள் அங்கே சுவரில் தொங்குகின்றன. 2019 டிசம்பரில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் கொழும்பில்தான். இரவு ரயிலில் போய் அடுத்த இரவு ரயிலில் திரும்பலாம். மூலத்தின் நிறத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு பிரதியைப் பார்ப்பது வேறு விஷயம்.

ஆனால் மூலத்தின் நிறம் என்பதும் எந்த நாளின் நிறம்? வான்கோ தன் படுக்கையறையை 1888இல் வரைந்தபோது சுவர் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார். இன்று அந்த ஓவியத்தில் சுவர் நீலம். அவர் கலந்த சிவப்புச் சாயம் மங்கிப்போய் நீலம் மட்டும் மிஞ்சியது. மத்திய வீதி முருகனுக்கு நடந்த அதே கதைதான். நாம் வாங்கும் பிரதி இன்றைய நீலச் சுவரை நூறு வருடம் காப்பாற்றித் தரும். அமெரிக்காவின் ஹார்வர்டில் மார்க் றொத்கோவின் சுவரோவியங்கள் 1964இல் யன்னல் வெளிச்சம் நிறைந்த உணவுக்கூடம் ஒன்றில் மாட்டப்பட்டன. லித்தோல் ரெட் என்ற மலிவான சிவப்பு, 15 வருடத்தில் படங்களைக் கழற்றிக் களஞ்சியத்தில் வைக்கும் அளவுக்கு மங்கிவிட்டது. 2014இல் அவற்றைத் திரும்பக் காட்டியபோது தூரிகையால் தொடவில்லை. போன நிறத்தைப் படங்காட்டியின் ஒளியால் மேலே பாய்ச்சினார்கள். எண்ணெய் ஓவியம் என்றால் நித்தியம், அச்சு என்றால் அற்பம் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. கீற் இறந்தது 1993இல். ஆக 2063 வரை அனுமதி இல்லாமல் அவருடைய படத்தை அடித்து விற்க முடியாது. ஐவன் பீரிஸ் 1988, ஆக 2058. பிக்காசோ 1973, ஆக 2043. வான்கோ, மொனே, கிளே, காண்டின்ஸ்கி, மொண்ட்ரியான் எல்லோரும் இந்தக் கணக்கில் எப்போதோ பொதுவுடைமை. கீற் படத்தை மலிவாகத் தரும் ஒருவர் அனுமதிக் கடிதம் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், அவர் எங்கிருந்தோ ஒரு புத்தகப் பக்கத்தை ஸ்கேன் பண்ணியிருக்க வாய்ப்பு அதிகம்.

பொதுவுடைமைப் படங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சிகாகோ கலை நிறுவனம், நியூயோர்க் மெற்றோபொலிற்றன் போன்றவை தங்கள் படங்களின் பெரிய கோப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டிருக்கின்றன. கோப்பை நீங்களே இறக்கி, நல்ல கூடத்தில் அடித்தால் இடைத்தரகர் இல்லை, தாளையும் நீங்களே தெரிவுசெய்யலாம். அளவு மட்டும் கவனம். ஏ2 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 4,961க்கு 7,016 புள்ளி, அதாவது 34.8 மில்லியன் தேவை. கைபேசியில் யாரோ அனுப்பிய 1,200க்கு 1,600 படத்தை அதே அளவில் அடித்தால் அங்குலத்துக்கு 68 புள்ளிதான் விழும். சோபாவில் இருந்து பார்க்கச் சரி. கிட்டப் போனால் வான்கோவின் தூரிகை களிமண்ணாகிவிடும். படத்தை வெட்டிச் சட்டத்துக்குப் பொருத்துவதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தைப் படத்துக்குப் பொருத்தட்டும்.

விலையை எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும். நல்ல தாளும் நிறமி மையும் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது இந்தத் தொழிலும் சேர்ந்து மூச்சுத்திணறியது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். பெரிய படம் ஒன்றுக்கு ஆகும் காசில், சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளிவந்த இளம் ஓவியர் ஒருவரின் மூல ஓவியம் சில வேளை கிடைத்துவிடும். எனக்கு அதிலும் ஒரு சாய்வு உண்டு. இரண்டும் வீட்டில் இருக்கலாம், சண்டை பிடிக்காது.

சட்டம் போடும் இடத்தில்தான் சறுக்கும்

என் முதல் நல்ல பிரதி வான்கோவின் படுக்கையறைதான். சிகாகோக் கோப்பு, பருத்தித் தாள், நிறமி மை, எல்லாம் ஒழுங்கு. பஸ் பார்சலில் வந்ததை அன்றைக்கே ஊரில் ஒரு கடையில் சட்டம் போடக் கொடுத்தேன். கேட்காமலே ஹார்ட்போட்டில் பைண்டர் கம் தடவி, படத்தை முழுதாக ஒட்டி, கண்ணாடியை மேலே அழுத்திப் பூட்டித் தந்துவிட்டார்கள். முதல் வாரத்திலேயே கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். வாடை தொடங்கியதும் படம் அலை அலையாக எழும்பியது. அடுத்த மாரிக்குள் கட்டிலின் மேல் பழுப்புப் புள்ளிகள். கழற்றப் பார்த்தால் நீலச் சுவரின் ஒரு துண்டு கண்ணாடியோடு வந்துவிட்டது. நூறு வருடத் தாள், நூறு வருட மை, இரண்டு மாரி.

நடந்தது என்ன என்று பிறகு விளங்கியது. புதிதாக அடித்த படத்திலிருந்து மையின் கரைப்பான்கள் சில நாட்கள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உடனே பூட்டினால் அது கண்ணாடியில் படியும். ஒரு நாளாவது, மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக, சும்மா தாள் ஒன்றை மேலே போட்டு ஆறவிட வேண்டும். ஹார்ட்போட்டின் அமிலம் மெதுவாகத் தாளுக்குள் ஏறும். படம் கண்ணாடியைத் தொட்டால் ஈரம் இரண்டுக்கும் இடையில் சிக்கிப் பசையாகும். முழுதாக ஒட்டிய தாளுக்குச் சுருங்கி விரிய இடமில்லை.

இரண்டாவது படத்தை ஒரு வயதான சட்டக்காரரிடம் கொண்டுபோனேன். நான் பாடமாக்கிக்கொண்டு போனதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, செலோட்டேப் போட்டா நாலு வருசத்தில அந்த இடம் தேத்தண்ணி நிறம் காட்டும். மேல்பக்கம் ரெண்டு இடத்தில மட்டும் பிடிச்சுத் தொங்க விடுவம், மிச்சம் அது பாட்டுக்கு மூச்சு விடட்டும்.” “அண்ணை, அட்டை நான் கொழும்பில இருந்து எடுத்துத் தாறன்” என்றேன். அமிலமற்ற அட்டையில் யன்னல் மாதிரி வெட்டி, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் இடைவெளி வைத்தார். பின்னால் ஜப்பானியத் தாளின் இரண்டு சின்னக் கீற்றும் கோதுமை மாப்பசையும். தேவைப்பட்டால் ஈரப் பஞ்சால் கழற்றிவிடலாம். சட்டத்தின் பின்மூலைகளில் தக்கை வெட்டி ஒட்டினார், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போக. கறையானும் இராமபாணப் பூச்சியும் விரும்புவது அந்த இருட்டுச் சந்தைத்தான். இடைவெளி இருந்தால் துடைக்கவும் பார்க்கவும் வசதி. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கவைக்கும் என்பதால் அதை நம்பி வெயிலில் மாட்ட முடியாது.

எந்தச் சுவர் என்பது கடைசிக் கேள்வி. மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம்; அந்தச் சீமெந்து மார்கழி முழுக்க ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். குசினிக்கு எதிரும் வேண்டாம், சாமியறைச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். இரவில் மட்டும் குளிரூட்டி போடும் படுக்கையறையைவிட, எப்போதும் மின்விசிறி மட்டும் ஓடும் நடு அறையின் உட்சுவர் மேல். ஏறி இறங்கும் ஈரப்பதன்தான் தாளை அதிகம் அலைக்கழிக்கும். தபாலில் எடுப்பிப்பவர்கள் குழாயில் சுருட்டி அனுப்புவதானால் அகலமான குழாயைக் கேளுங்கள். தடித்த பருத்தித் தாளை ஒடுங்கிய குழாயில் திணித்தால் மேற்பூச்சு வெடிக்கும். இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது படுக்கையறை இப்போது மூன்று வாடையைப் பார்த்துவிட்டது. சட்டத்தின் பின்பக்க அட்டையில் பென்சிலால், பேனையின் மை ஊறும் என்பதால் பென்சிலால், எழுதிவைத்திருக்கிறேன்: கோப்பு எங்கிருந்து எடுத்தது, எந்த மை, எந்தத் தாள், அடித்த மாதம், மாட்டிய திகதி. அதற்குக் கீழே ஒவ்வொரு தை மாதமும் கழற்றிப் பார்த்த திகதிக்கு ஒரு வரி. இதுவரை மூன்று வரி. மூன்றாவதில் மட்டும் ‘இடது கீழ்மூலை, சின்ன ஈரக்கறை, தக்கை மாற்றியது’ என்று இருக்கிறது.